பிரெடெரிக் மெக்கே

பிரெடெரிக் சம்னர் மெக்கே (1874 - 1959) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த பல் மருத்துவர் ஆவார். கொலராடோ மாநிலத்துச் சிறுவர்களின் பற்களில் காணப்பட்ட நீங்காத பழுப்புக் கறையின் காரணத்தைத் தேடி ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் உழைத்தார். குடிநீரில் அளவுக்கு மீறிக் கரைந்துள்ள புளோரைடே இக்கறைக்குக் காரணம் என்பது 1931-இல் தெரியவந்தது. இன்று இந்நோய் பற்புளோரோசிஸ் என்று அழைக்கப்படுகிறது.

மெக்கே வேதியியலாளர் அல்லர். ஊர்ப் பல் மருத்துவராகத் தொழில் செய்தவர். குழந்தையின் வாயில் எந்தெந்தப் பற்கள் கறைபட்டுள்ளன என்று பார்த்து, அப்பற்கள் ஈறுக்குள் உருவாகியிருக்கக்கூடிய வயதைக் கணக்கிட்டு, அந்த வயதில் அக்குழந்தை எந்த ஊரில் எந்த நீரைக் குடித்தது என்று கேட்டறிவதே அவருடைய முறையாக இருந்தது. நீரில் உள்ள பொருள் எதுவென்று தெரிவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே, பழுது நீரில்தான் உள்ளது என்ற முடிவுக்கு அவர் இவ்வழியிலேயே வந்தார்.

இளமையும் கல்வியும்

மெக்கே 1874-இல் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் லாரன்ஸ் நகரில் பிறந்தார். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவம் பயின்று 1900-இல் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் தொழிலைத் தொடங்கினார். ராக்கி மலைத்தொடரைச் சேர்ந்த, ஏறத்தாழ 4,300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் பீக் மலையின் அடிவாரத்தில் அமைந்த நகரம் இது. நகரின் குடிநீர் அம்மலையின் பனி உருகி வரும் ஓடைகளிலிருந்து கிடைத்தது. பார்வைக்குத் தெளிந்த, நல்ல நீராகவே அது இருந்தது.

கொலராடோ பழுப்புக் கறை

தம்மிடம் வந்த உள்ளூர் மக்கள் பலரின் பற்களில் விந்தையான கறைகள் இருப்பதை மெக்கே தொடக்கத்திலேயே கவனித்தார். சிலருக்குச் சுண்ணாம்பு பூசியதுபோன்ற வெண்திட்டுகள் மட்டும் இருந்தன. வேறு சிலருக்கு முன்பற்கள் முழுவதும் கரும்பழுப்பாக இருந்தன. எவ்வளவு தேய்த்தாலும் இக்கறை போகவில்லை. காரணம், அது பல்லின் மேல் படிந்த அழுக்கன்று. பல்லின் மேலுறையான பற்சிப்பி (எனாமல்) உருவான விதத்திலேயே நேர்ந்த குறை.

அந்நாளைய பல் மருத்துவ நூல்களில் இதைப் பற்றி மெக்கே எதையும் காணவில்லை. உள்ளூர் மருத்துவர்கள் இதனை அவ்வூருக்கு உரிய இயல்பு என்றே கொண்டிருந்தனர். பன்றி இறைச்சி மிகுதியாக உண்பதே காரணம் என்றனர் சிலர். தரம் குறைந்த பால் என்றும், சுண்ணாம்பு மிகுந்த நீர் என்றும் வேறு சிலர் கூறினர். தற்செயலாக, மெக்கே கொலராடோவுக்கு வந்த அதே 1901-ஆம் ஆண்டில், நேப்பிள்ஸ் துறைமுகத்தில் குடியேறுவோரைப் பரிசோதித்து வந்த அமெரிக்க மருத்துவர் ஜே. எம். ஈகர், அப்பகுதி இத்தாலியர் சிலரின் கறைபடிந்த பற்களைப் பற்றி ஒரு குறிப்பு வெளியிட்டிருந்தார். இரண்டும் ஒரே நோய் என்பது பின்னரே புரிந்தது.

1908-இல் மெக்கே இச்சிக்கலை எல் பாசோ மாவட்டப் பல் மருத்துவர் சங்கத்தின் முன் வைத்தார். தொடர்ந்து, சிகாகோ நகரின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகப் பல் மருத்துவப் பள்ளியின் தலைவராக இருந்த கிரீன் வார்திமன் பிளாக்கை நாடினார். அந்நாளில் அமெரிக்கப் பல் மருத்துவத்தில் பிளாக்கின் சொல்லுக்கு மிகுந்த மதிப்பு இருந்தது. இத்துணைப் பரவலான ஒரு குறைபாடு எந்நூலிலும் இடம்பெறாமல் இருந்திருக்கும் என்பதைப் பிளாக் முதலில் நம்பவில்லை.

பள்ளிச் சிறுவர் ஆய்வு

பிளாக்கின் ஐயத்தைப் போக்கியது பள்ளிகளில் நடந்த கணக்கெடுப்பே எனலாம். 1909-இல் கொலராடோ ஸ்பிரிங்ஸ் பள்ளிகளில் 2,945 சிறுவர்களின் பற்கள் பரிசோதிக்கப்பட்டன. அவ்வூரிலேயே பிறந்து வளர்ந்தவர்களுள் 87.5 விழுக்காட்டினரின் பற்களில் கறையோ திட்டுகளோ இருந்தன. எட்டுப் பேரில் ஏழு பேருக்குக் காணப்படும் ஒன்றை அரிய நோய் என்று கூற இயலாது. அவ்வாண்டு கோடையில் பிளாக் கொலராடோவுக்கு நேரில் வந்து சிறுவர்களின் பற்களைக் கண்டார். 1915-இல் இறக்கும் வரை ஆறு ஆண்டுகள் மெக்கேயுடன் இணைந்து இவ்வாய்வில் ஈடுபட்டார்.

கறைபட்ட பற்களை மெல்லிய சீவல்களாக்கிப் பிளாக் நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். இருவரும் எழுதிய கட்டுரைகள், பிளாக்கின் மறைவுக்குப் பின் 1916-இல் டென்டல் காஸ்மாஸ் இதழில் வெளிவந்தன.

பல்லில் பதியும் வயது

இவ்வாய்வின் முதல் முடிவு, கறை என்பது பல் வளரும் பருவத்தில் ஏற்படும் குறை என்பதாகும். இதனைப் புரிந்துகொள்ளக் குழந்தைகளின் பல் வளர்ச்சியைச் சற்று அறிந்திருத்தல் வேண்டும்.

குழந்தைக்குப் பாற்பற்கள் முளைத்துக்கொண்டிருக்கும்போதே, அவற்றின் கீழே தாடை எலும்புக்குள் நிலைப்பற்கள் உருவாகத் தொடங்கிவிடுகின்றன. முதல் கடைவாய்ப்பல்லில் தாது படிதல் பிறப்பை ஒட்டித் தொடங்குகிறது. மேல் நடு வெட்டுப்பற்களில் இது மூன்று அல்லது நான்கு மாத வயதில் தொடங்கி, அவற்றின் தலைப்பகுதி நான்கைந்து வயதில் முழுமை பெறுகிறது. ஆனால் அப்பற்கள் வாயில் தோன்றுவது ஏழு வயதை ஒட்டியே. இரண்டாம் கடைவாய்ப்பல்லின் தலைப்பகுதி ஏழெட்டு வயதில் முடிந்து, பல் பன்னிரண்டு வயதளவில் வெளிவருகிறது.

பற்சிப்பியை உருவாக்கும் உயிரணுக்கள், பல் ஈறைக் கிழித்து வெளிவரும்போது அழிந்துவிடுகின்றன. உடைந்த எலும்பு கூடும். கிழிந்த தோல் ஆறும். பற்சிப்பிக்கு அவ்வாறு மீண்டும் வளரும் ஆற்றல் இல்லை. ஆகவே அது உருவான நாட்களில் உடலுக்கு நேர்ந்தது பல்லில் அப்படியே தங்கிவிடுகிறது. ஏழு வயதுச் சிறுமியின் முன்பல்லில் தெரியும் கறை, அவள் கைக்குழந்தையாகவும் தளர்நடைப் பிள்ளையாகவும் இருந்த காலத்தில் ஏற்பட்டதாகும். பாற்பற்களின் பெரும்பகுதி கருவிலும் முதல் சில மாதங்களிலும் உருவாகிவிடுவதால் அவற்றில் கறை குறைவாகவே காணப்படும். இதனால் ஐந்து வயது வரை வெண்பற்களோடு இருந்த பிள்ளைக்கு, நிலைப்பற்கள் முளைக்கும்போதே கறையோடு முளைப்பதைப் பெற்றோர் காண நேர்கிறது.

மெக்கே கண்ட மக்களிடையே இவ்விதி தெளிவாகத் தெரிந்தது. நிலைப்பற்களின் தலைப்பகுதி முழுமை பெற்ற பின்னர் கொலராடோ ஸ்பிரிங்ஸில் குடியேறியவர்கள், எத்தனை ஆண்டுகள் அந்நீரைக் குடித்தாலும் அவர்களது பற்கள் கெடவில்லை. குழந்தைப் பருவத்தை அங்குக் கழித்தவர்கள், பின்னர் எங்குச் சென்றாலும் கறை அவர்களை விட்டு நீங்கவில்லை.

இரண்டாம் முடிவு எவரும் எதிர்பாராதது. சீராக உருவாகாத பற்சிப்பி எளிதில் சொத்தையாகும் என்றே பிளாக் கருதினார். ஆனால் கறைபட்ட பற்களில் சொத்தை மிகுதியாக இல்லை; சொல்லப்போனால் குறைவாகவே இருந்தது. இதற்கான விளக்கம் அப்போது எவரிடமும் இல்லை.

குடிநீரின்மேல் ஐயம்

ஓர் ஊரில் செல்வர், வறியவர் என்ற வேறுபாடின்றி எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாக இருப்பது எது? உணவு வீட்டுக்கு வீடு மாறும். பால் வெவ்வேறு பண்ணைகளிலிருந்து வரும். ஊர் முழுவதற்கும் ஒன்றாக இருப்பது குழாய் நீர். மெக்கே இவ்வழியில் சிந்தித்தார். தெற்கு டக்கோட்டா மாநிலத்தின் பிரிட்டன் என்னும் சிற்றூர் இதற்குச் சான்றாக அமைந்தது. அவ்வூர் 1898-இல் ஆழமற்ற கிணறுகளைக் கைவிட்டு ஆழ்துளை ஊற்றுக் கிணற்றுக்கு மாறியிருந்தது. அதற்கு முன் வளர்ந்தவர்களின் பற்கள் நன்றாக இருக்க, பின்னர் வளர்ந்த பிள்ளைகளின் பற்களில் கறை இருந்தது.

1923-இல் ஐடஹோ மாநிலத்தின் ஓக்லி ஊர்ப் பெற்றோர்களைச் சந்திக்க மெக்கே சென்றார். ஏறத்தாழ ஐந்து மைல் தொலைவில் உள்ள வெந்நீர் ஊற்றிலிருந்து ஊருக்குப் பொதுக் குழாய் அமைத்த பின்னரே பிள்ளைகளின் பற்களில் கறை தோன்றத் தொடங்கியதாக அவர்கள் கூறினர். மெக்கே அந்நீரைப் பகுப்பாய்வு செய்யச் செய்தார். ஐயத்துக்கு இடமான பொருள் எதுவும் அதில் காணப்படவில்லை.

அறிவியல் சான்று கையில் இல்லாத நிலையில் ஓர் ஊரின் குடிநீர்த் திட்டத்தையே மாற்றச் சொல்வது எளிதான செயலன்று. புதுக் குழாய்க்கான செலவு ஊராருடையது. கணிப்புத் தவறினால் மருத்துவரின் நற்பெயரும் போய்விடும். எனினும் அக்குழாயைக் கைவிட்டு அருகிலுள்ள வேறோர் ஊற்றின் நீரைப் பயன்படுத்துமாறு மெக்கே அறிவுறுத்தினார். ஊர் மக்கள் அதனை ஏற்று 1925-இல் நீரை மாற்றினர்.

பலன் உடனே தெரியக்கூடியதன்று. ஏற்கெனவே தாடைக்குள் கெட்டுவிட்ட பற்கள் கறையோடுதான் முளைக்கும். புது நீரைக் குடித்து வளர்ந்த குழந்தைகளுக்கு நிலைப்பற்கள் முளைக்கும் வரை காத்திருக்க வேண்டும். சில ஆண்டுகள் கழித்து அக்குழந்தைகளின் பற்கள் கறையின்றி முளைத்தன. 1933-இல் மெக்கே இதனை அமெரிக்கப் பல் மருத்துவச் சங்க இதழில் பதிவு செய்தார். இடைப்பட்ட ஆண்டுகளில் அவரது மனநிலை எவ்வாறு இருந்திருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

பாக்சைட் ஊர்

அலுமினியத் தாதுவான பாக்சைட்டின் பெயரையே கொண்ட ஊர் ஒன்று ஆர்க்கன்சாஸ் மாநிலத்தில் உள்ளது. அமெரிக்க அலுமினியக் கம்பெனி (அல்கோவா) தன் சுரங்கத் தொழிலாளர்களுக்காக அமைத்த ஊர் அது. 1909-இல் அங்கு ஆழ்கிணற்று நீர் வழங்கப்படத் தொடங்கியது. அந்நீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் பற்கள் கறைபட்டிருந்தன. ஐந்து மைல் தொலைவிலுள்ள பென்டன் ஊர்ப் பிள்ளைகளுக்கோ கறை இல்லை. மெக்கேயும் ஐக்கிய அமெரிக்கப் பொது நலவாழ்வுத் துறை மருத்துவர் குரோவர் கெம்பும் இவ்வூரை ஆய்ந்து 1930-இல் அறிக்கை வெளியிட்டனர். இம்முறையும் நீர்ப் பகுப்பாய்வு எதையும் காட்டவில்லை.

மெக்கேயின் முயற்சிகள் மீண்டும் மீண்டும் இவ்விடத்தில் வந்து முட்டி நின்றதற்குக் காரணம் உண்டு. வேதியியலாளர்கள் தாங்கள் எதிர்பார்த்த பொருட்களை மட்டுமே நீரில் தேடினர். குடிநீரில் புளோரைடு இருக்கக்கூடும் என்று எவரும் எண்ணாததால், அதற்கான சோதனையையும் எவரும் செய்யவில்லை.

சர்ச்சிலின் கண்டுபிடிப்பு

பாக்சைட் அறிக்கை அல்கோவாவின் தலைமை வேதியியலாளர் எச். வி. சர்ச்சிலின் கைக்கு எட்டியது. அலுமினியப் பாத்திரங்களில் சமைப்பது உடலுக்கு நஞ்சு என்ற பிரசாரம் பரவியிருந்த காலம் அது. அதனை மறுப்பதில் சர்ச்சில் சில ஆண்டுகளைச் செலவிட்டிருந்தார். அலுமினியச் சுரங்க ஊரின் பிள்ளைகளுக்குப் பற்கள் கெடுகின்றன என்ற செய்தி பரவினால் பழி கம்பெனியின்மேல் விழும் என்று அவர் அஞ்சினார். ஆகவே பாக்சைட் நீரை, வழக்கமான சோதனையோடு நில்லாமல், நிறமாலை ஒளிப்பட முறையில் ஆராயச் செய்தார். ஒரு பொருளைச் சூடேற்றும்போது வெளிப்படும் ஒளியைப் பிரித்து, அதிலுள்ள தனிமங்களை அறியும் முறை இது. இன்னதைத்தான் தேடுகிறோம் என்று முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டிய தேவை இதில் இல்லை.

நீரில் புளோரைடு மிகுந்திருந்தது. மாதிரி மாசுபட்டிருக்க வேண்டும் என்று எண்ணிய சர்ச்சில் வேறொரு மாதிரியை வரவழைத்தார். அதிலும் அதே முடிவு கிடைத்தது. பாக்சைட் நீரில் புளோரைடின் அளவு மில்லியனில் 13.7 பங்கு, அதாவது லிட்டருக்கு 13.7 மில்லிகிராம். 1931 சனவரியில் சர்ச்சில் மெக்கேக்குக் கடிதம் எழுதி, கறை காணப்படும் மற்ற ஊர்களின் நீர் மாதிரிகளையும் கேட்டார். சில மாதங்களில் மெக்கே அவற்றைத் திரட்டி அனுப்பினார். அவற்றிலும் புளோரைடு மிகுந்திருந்தது. பைக்ஸ் பீக்கின் பாறைகளில் புளோரின் கலந்த தாதுக்கள் உள்ளன. மலையிலிருந்து இறங்கும் தெளிந்த நீரில் அவை கரைந்து வந்துள்ளன.

அதே 1931-இல் அரிசோனா பல்கலைக்கழகத்தில் மார்கரெட் கேமக் ஸ்மித்தும் அவர் குழுவினரும் எலிகளைக் கொண்டு ஆய்வு செய்து, சர்ச்சிலைச் சாராமல் இம்முடிவை அடைந்தனர். எனவே இக்கண்டுபிடிப்பை ஒருவருக்கு மட்டும் உரியதாகக் கூறுவது பொருந்தாது. பல நூல்கள் மெக்கேயைப் புளோரைடைக் கண்டுபிடித்தவர் என்று எழுதுகின்றன. அவர் கண்டுபிடித்தது எங்கே தேட வேண்டும் என்பதையே.

பற்சொத்தையும் புளோரைடும்

கறைபட்ட பற்களில் சொத்தை குறைவு என்பதை மெக்கே 1928-இல் தனிக் கட்டுரையாக எழுதியிருந்தார். 1931-இல் பொது நலவாழ்வுத் துறையில் இப்பணியை ஏற்ற எச். டிரென்ட்லி டீன் இதனைத் தொடர்ந்தார். சிறுவரின் பற்புளோரோசிசை அளக்க டீன் 1934-இல் ஓர் அளவீட்டை உருவாக்கினார். பின்னர் திருத்தப்பட்ட அவ்வளவீட்டில் இயல்பான பல் முதல் கடுமையான பாதிப்பு வரை ஆறு படிகள் உள்ளன. வாயில் மிகுதியாகப் பாதிக்கப்பட்ட இரு பற்களைக் கொண்டு படி கணிக்கப்படுகிறது. பல்லின் பரப்பில் கால் பகுதிக்கும் குறைவாக வெண்திட்டுகள் இருந்தால் மிக லேசானது, பாதிக்கும் குறைவாக இருந்தால் லேசானது, பற்சிப்பியில் குழிகள் விழுந்து பரவலாகப் பழுப்புநிறம் ஏறியிருந்தால் கடுமையானது. இவ்வளவீடு இன்றும் பயன்பாட்டில் உள்ளது.

மில்லியனில் ஒரு பங்கு அளவில் புளோரைடு உள்ள நீரால் கறை பெரும்பாலும் ஏற்படுவதில்லை, ஆனால் சொத்தை குறைகிறது என்று டீன் 21 நகரங்களின் சிறுவர்களை ஆராய்ந்து கண்டார். இதன் அடிப்படையில் 1945 சனவரி 25 அன்று மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ராபிட்ஸ் நகர் உலகில் முதன்முதலாகக் குடிநீரில் புளோரைடு சேர்த்தது. பதினோரு ஆண்டுகளுக்குப் பின், அதன் பின்னர் பிறந்த சிறுவர்களிடையே சொத்தை 60 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்திருந்தது.

புளோரைடு பல் உருவாகும்போது உட்புகுந்தே காக்கிறது என்று அக்காலத்தில் கருதப்பட்டது. முளைத்த பல்லின் மேற்பரப்பில் அது தொடர்ந்து படுவதே முதன்மையான பயன் என்பது பிற்கால ஆய்வுகளின் முடிவு. கறையோ பல் உருவாகும் காலத்தில் மட்டுமே ஏற்படுகிறது. புளோரைடு கலந்த பற்பசையைச் சிறு குழந்தைகளுக்கு மிகச் சிறிதளவே வைத்து, விழுங்காமல் பார்த்துக்கொள்ளுமாறு பல் மருத்துவர்கள் கூறுவது இவ்விரண்டையும் கருதியே. குடிநீரில் புளோரைடு சேர்ப்பது தொடக்கம் முதலே எதிர்ப்புக்கும் உள்ளானது. ஐக்கிய அமெரிக்கா 2015-இல் பரிந்துரை அளவை லிட்டருக்கு 0.7 மில்லிகிராம் என்று குறைத்தது. யூட்டா, புளோரிடா மாநிலங்கள் 2025-இல் இதனைத் தடை செய்தன.

மெக்கே 1959-இல் காலமானார்.

இந்தியாவில்

மெக்கே கண்ட நோய் தென்னிந்தியாவில் இன்னும் கடுமையான வடிவில் இருந்தது. கிண்டி கிங் நோய்த்தடுப்பு மருந்து நிலையத்தின் இயக்குநராக இருந்த எச். இ. ஷார்ட்டும் உடன் ஆய்வாளர்களும், அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த நெல்லூர் மாவட்டத்தில் புளோரைடு நீரால் பற்கள் மட்டுமின்றி எலும்புகளும் மூட்டுகளும் இறுகி முடங்கியவர்களைப் பற்றி 1937-இல் எழுதினர்.

தமிழ்நாட்டில் தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்துள்ளது. கிணறு வற்றி ஆழ்துளைக் கிணறுகள் பெருகியபோது, பாறையோடு நெடுங்காலம் தொடர்பு கொண்ட ஆழ்நீரைக் குடிக்கும் நிலை பல ஊர்களில் ஏற்பட்டது. இந்தியத் தர நிர்ணய அமைப்பின்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் புளோரைடு ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காதபோது 1.5 மில்லிகிராம் வரை இருக்கலாம். இம்மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் புளோரோசிஸ் பாதிப்புக் குறைப்புத் திட்டம் 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது. ஓக்லியில் போலவே இங்கும், ஒரு கிராமத்துக்கு நல்ல நீர் வந்த ஆண்டில் பிறந்த குழந்தைக்கு முன்பற்கள் முளைக்கும் ஏழு வயதில்தான் அதன் விளைவைப் பல்லில் காண இயலும்.